பின்சுவர்

வைத்தியர் என் ஆல்பத்தைக் குணப்படுத்தி அனுப்பியிருந்தார். அதுதான் எனக்கு வந்த தலைவலி.

வைத்தியர் என்பது பட்டப்பெயர். அவர் மாஸ்டரிங் செய்பவர். ஒரு பாட்டு வெளியே போவதற்கு முன்னால் கடைசியாகக் கை வைக்கிற ஆள். எப்பேர்ப்பட்ட நோஞ்சான் ஒலிப்பதிவையும் எழுப்பி உட்கார வைத்துவிடுவார் என்பதால் எங்கள் தொழிலில் அவருக்கு அந்தப் பெயர். எனக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, துடைப்பம். டப்பிங் ஸ்டுடியோவில் பதினோரு வருடமாக எனக்கு ஒரே வேலை. நடிகர் பேசும்போது பின்னால் கேட்கிற ஏசி, தெருவில் போகிற லாரி, நாற்காலி முனகுவது, எச்சில் விழுங்குவது எல்லாவற்றையும் கூட்டித் தள்ள வேண்டும். பெயர் வைத்தவன் வாய் அழுகட்டும் என்று முதலில் கோபம் வந்தது. பிறகு எனக்கே பிடித்துப்போய் ஆல்பத்திலும் அதையே போட்டுக்கொண்டேன்.

ஸ்டுடியோவில் மதிய இடைவேளையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வைத்தியர் அனுப்பியதைக் கேட்டேன். முதல் பாட்டில் லிஃப்ட் கதவு பளிச்சென்று திறந்தது. தண்ணீர் மோட்டார் முத்து முத்தாக ஓடியது. எல்லாம் அழகாக இருந்தது, ஆனால் அடியில் ஒன்றுமே இல்லை. இரண்டாவது பாட்டையும் மூன்றாவதையும் ஓட்டிப் பார்த்தேன். எட்டுப் பாட்டிலும் அந்த உறுமல் இல்லை. கையிலிருந்த சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டேன்.

அந்த உறுமல் என்ன என்று சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் கீழ்த்தளத்து வீடு எங்களுடையது. நான், அண்ணன், அண்ணி மூன்று பேர். பின் அறைச் சுவருக்கு அந்தப் பக்கம், ஒரு முழம்கூட இடம் விடாமல், ஏழு வருடத்துக்கு முன்னால் டிரான்ஸ்ஃபார்மர் கொண்டுவந்து வைத்தார்கள். அன்றிலிருந்து சுவர் உம்மென்று இருக்கிறது. காதால் கேட்பதைவிட பல்லால் கேட்கிற சத்தம் அது. அந்தச் சுவரில் முதுகைச் சாய்த்துத்தான் அண்ணி நாளெல்லாம் உட்கார்ந்து ஆஸ்பத்திரி யூனிஃபார்ம் தைக்கிறார், ஏனென்றால் தையல் மிஷின் வைக்க வேறு இடம் கிடையாது.

அண்ணிக்குத் தலைவலி வந்தது. தூக்கம் போனது. டாக்டர் நரம்புக்கு மாத்திரை கொடுத்தார். அண்ணன் இடி விழுந்தாலும் குறட்டை விடுகிற ஜாதி. அவன், “எனக்கு ஒண்ணும் கேக்கலையே, எல்லாம் உன் பிரமை” என்றான். நான் நடையாய் நடந்து புகார் கொடுத்த பிறகு, மின்சார ஆபீசிலிருந்து ஒருவர் சத்தம் அளக்கும் கருவியோடு வந்தார். அறை நடுவில் இரண்டு நிமிடம் நின்றார். ‘குறிப்பிடத்தக்க சத்தம் எதுவும் இல்லை’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, அண்ணி கையில் தாளைக் கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் கருவியை அவர் வைத்திருந்த முறையில் அது கீழ்ச்சத்தத்தைப் பாதிக்குமேல் கழித்துவிட்டுத்தான் காட்டும். எனக்குத் தெரியும். அவருக்கும் தெரியாமல் இருந்திருக்காது.

இல்லை என்கிறாயா, இரு என்று சுவரில் ஒட்டுகிற மைக் ஒன்றை வாங்கிவந்து பின்சுவரில் ஒட்டினேன். பகலெல்லாம் சத்தத்தைக் கூட்டித் தள்ளுகிறவள் வீட்டுக்கு வந்து சத்தம் சேர்க்க ஆரம்பித்தேன். டிரான்ஸ்ஃபார்மர் ஐம்பது சைக்கிள் மின்சாரத்தின் சத்தம். அதைக் கீழே படுக்கப் போட்டு, அதன் மேல் எங்கள் கட்டிடத்தையே அடுக்கினேன். லிஃப்ட், மோட்டார், வண்டி நிறுத்துகிற நிலவறையின் ராட்சத விசிறி, கடை ஷட்டர். அண்ணியின் தையல் மிஷினை எட்டு மடங்கு மெதுவாக்கினால் ஒரு படை நடந்து வருவது போல் இருக்கும். மெட்டு கிடையாது, பாடுகிறவர் கிடையாது. நாற்பது நிமிடம், எட்டுப் பாட்டு, ஆறு வருட வேலை. பெயர் ‘பின்சுவர்’.

பதினேழு இசைக் கம்பெனிகளுக்கு அனுப்பினேன். பதினாறு பேர் பதில் போடவில்லை. ஒருவர் மட்டும் கூப்பிட்டு, இருட்டாக இருக்கிறது, நகரத்தின் அடிவயிற்றுக்குள் போன மாதிரி இருக்கிறது, வெளியிடலாம் என்றார். எனக்கு முப்பத்தொன்பது வயது. அன்று ஸ்டுடியோ கழிவறையில் போய் நின்று அழுதேன் என்பதை மறைப்பானேன்.

இப்போது வைத்தியருக்குப் போன் போட்டேன்.

“கேட்டியாம்மா? ரெண்டு நாள் கூடவே உக்காந்து எடுத்தேன். எர்த் சரியில்லாத இடத்துல ரெக்கார்ட் பண்ணியிருக்க போல. அப்படியே விட்டிருந்தா ஊரு சிரிச்சிருக்கும்.”

“ஐயா, அது எர்த் கோளாறு இல்ல. அதுதான் பாட்டு.”

யாருடைய பதிவு வந்தாலும் வைத்தியர் கேட்டுப் பார்ப்பதற்கு முன்பே ஹம் எனப்படும் மின்சார உறுமல் வருகிற ஐம்பது, நூறு, நூற்றைம்பது சைக்கிளை வெட்டிவிடுவார். குளிப்பாட்டுவது என்று அதற்குப் பெயர். நானும் தினமும் அதைத்தான் செய்கிறேன். ஹம் என்றால் அழுக்கு, அழுக்கு என்றால் எடு. தொடாதீர்கள் என்று ஒரு வரி எழுதி அனுப்பியிருக்க வேண்டியவள் நான். ஆறு வருடம் அதோடு குடித்தனம் நடத்தியதில் அது ஹம் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

“அது பாட்டுன்னா,” என்றார் வைத்தியர், “நான் நாப்பது வருஷமா வெட்டிப் போட்டதெல்லாம் என்னம்மா?”

கம்பெனிக்காரர் சொன்னால் திருப்பிச் செய்து தருகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

கம்பெனிக்காரர் குதூகலத்தில் இருந்தார். “கண்ணாடி மாதிரி வந்திருக்குங்க.”

“சார், அடியில உம்முனு ஒரு சத்தம் இருந்துச்சு. அது இப்ப இல்ல.”

“அப்படி ஒண்ணு இருந்த மாதிரியே ஞாபகம் இல்லையே.”

அவர் பொய் சொல்லவில்லை. எதில் கேட்டீர்கள் என்று விசாரித்தேன். லேப்டாப்பில் கேட்டிருக்கிறார். அந்தத் தம்மாத்தூண்டு ஸ்பீக்கரில் அவ்வளவு கீழ்ச்சத்தம் எங்கே வரும். என் ஆல்பத்தை வெளியிடப் போகிற மனிதர் என் ஆல்பத்தைக் கேட்டதே இல்லை.

“எனக்கு அது வேணும் சார்.”

“இதோ பாருங்க. வைத்தியர் கை வச்சதை மாத்துங்கன்னு சொல்ற அளவுக்கு நமக்கு இன்னும் வயசாகலை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பத்திரிகைக்காரங்க, ரேடியோக்காரங்க எல்லாரையும் கூப்பிட்டிருக்கேன். இதைத்தான் போடப் போறோம். வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க. ஒப்பந்தத்தைக் கிழிச்சுட்டு அவங்கவங்க வேலையைப் பாக்கலாம்.”

வேண்டாம் என்று சொல்லியிருக்க வேண்டும். “யோசிச்சுச் சொல்றேன் சார்” என்றேன். பயம்தான். பதினேழில் ஒருவர். அவரும் போய்விட்டால் ஆறு வருடமும் என் மேசை இழுப்பறையில்தான் கிடக்கும்.

சாயங்காலம் வீட்டில் சொன்னேன். அண்ணன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், “ஒரு இரைச்சல்தானே போச்சு. உன் பேரு வெளிய வருதுல்ல, பேசாம இரு” என்றான்.

அண்ணி மிஷினை நிறுத்தினார். “ரெண்டையும் எனக்குப் போடு.”

அண்ணி அதுவரை என் ஆல்பத்தைக் கேட்டதில்லை. நானும் கேட்க வைத்ததில்லை. எந்தச் சத்தத்தால் அவருக்குத் தலைவலியோ, அதையே காதில் மாட்டிக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. முதலில் குணமானதைப் போட்டேன். தலையை ஆட்டிக் கேட்டார்.

“நல்லாதான் இருக்கு. சினிமால ஏதோ ஊரைக் காட்டுற மாதிரி. யாரு வீட்டுல எடுத்தது?”

அடுத்து என்னுடையதைப் போட்டேன். ஐந்து நொடி ஆகியிருக்காது. அண்ணியின் கை துணியை விட்டது. ஹெட்போனைக் கழற்றாமலே திரும்பி, உள்ளங்கையைச் சுவரில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார்.

“இது நம்ம சுவரு” என்றார்.

“ஆமா அண்ணி.”

“அப்ப எனக்குப் பைத்தியம் இல்ல.”

ஹெட்போன் மாட்டியிருந்ததால் கொஞ்சம் உரக்கவே சொன்னார். அண்ணன் டிவியை அணைத்தான். அவனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, நன்றாக வேண்டும் என்றும் இருந்தது.

“இதுலேர்ந்து அதை யாரு எடுத்தா?” என்று கேட்டார் அண்ணி.

“ஒரு பெரிய மனுஷன். தப்புன்னு நினைச்சு எடுத்துட்டார். மனசுல கெட்ட எண்ணம் இல்ல.”

“கருவி எடுத்துட்டு வந்தவருக்கும்தான் மனசுல ஒண்ணும் இல்ல.”

அதற்குமேல் நான் யோசிக்க என்ன இருக்கிறது. இன்னொரு பெரிய மனிதர் வந்து இங்கே சத்தம் எதுவும் இல்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். இந்தத் தடவை கீழே கையெழுத்துப் போடச் சொல்வது என்னை.

கம்பெனிக்காரரிடம் வருகிறேன் என்று மட்டும் சொன்னேன். வெள்ளிக்கிழமை அண்ணியும் கூட வந்தார். கம்பெனி மாடியில் நீளமான ஹால், முப்பது நாற்காலி. வந்தவர்களை அசத்த வேண்டும் என்று என் உயரத்துக்கு ஸ்பீக்கர்களை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அவற்றின் காலடியில் பெட்டி பெட்டியாய் இரண்டு பேஸ் ஸ்பீக்கர். அதைப் பார்த்ததும் எனக்குள் ஒரு குரூரமான சந்தோஷம். வைத்தியர் முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு இருந்தார். அண்ணி கடைசி வரிசையில், மடியில் கைப்பையோடு. ஆல்பத்தைச் செய்தவளே பொத்தானை அழுத்தட்டும் என்று கம்பெனிக்காரர் என்னை மேசையில் உட்கார வைத்து, எல்லோரையும் வரவேற்றுப் பேசினார். கண்ணாடி என்ற சொல் அதில் மூன்று முறை வந்தது. நான் மேசையிலிருந்த லேப்டாப்பில் என் பென் டிரைவைச் செருகி, என்னுடைய ‘பின்சுவர்’ஐ ஓடவிட்டேன்.

முதலில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தரை வழியாக வந்தது. டம்ளர்களில் தண்ணீர் நடுங்கியது. ஜன்னல் கண்ணாடிகள் சிலிர்த்தன. ஒரு பத்திரிகைக்காரர் தன் செல்போன் அடிக்கிறது என்று நினைத்துச் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார். எங்கள் பின் அறை அந்த ஹாலுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

கம்பெனிக்காரர் பதறிப்போய் முன்னால் ஓடிவந்தார். “மன்னிக்கணும், எர்த் கோளாறு. வாடகை ஸ்பீக்கர். ரெண்டு நிமிஷம் பொறுத்துக்கங்க.” முதல் வரிசையைப் பார்த்து, “ஐயா, நீங்களே சொல்லுங்க” என்றார்.

வைத்தியர் கண்ணை மூடியிருந்தார். “கோளாறுன்னுதான் நானும் நினைச்சேன்” என்றார். “இல்லையாம்.”

நான் எழுந்து நின்றேன். “கோளாறு எதுவும் இல்லைங்க. இது எங்க வீட்டுச் சுவரு. இது இல்லாம இந்த ஆல்பம் இல்ல.”

கம்பெனிக்காரருக்கு அப்போதுதான் விஷயம் உறைத்தது. முகம் சுண்டிப்போனது. விறுவிறுவென்று பக்கச் சுவருக்குப் போய், ஸ்பீக்கர்களின் பிளக்கைப் பிடுங்கினார்.

முப்பது பேரும் மூச்சு விட்டது கேட்டது. லேப்டாப் மட்டும் பேட்டரியில் ஓடிக்கொண்டிருந்தது, சத்தமில்லாமல். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

கடைசி வரிசையில் நாற்காலி ஒன்று நகர்ந்தது. அண்ணி எழுந்து, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, எல்லோருடைய முழங்காலையும் தாண்டி வந்தார். கடைக்காரரிடம்கூடச் சில்லறை குறைகிறது என்று சொல்லக் கூச்சப்படுகிறவர். குழந்தை கையிலிருந்து கத்தரிக்கோலை வாங்குகிற மாதிரி கம்பெனிக்காரர் கையிலிருந்து பிளக்கை வாங்கினார். குனிந்து செருகினார். டப்பென்று ஹால் அதிர்ந்து, உறுமல் திரும்பி வந்தது. பிறகு பக்கத்திலிருந்த நாற்காலியை இழுத்து, பிளக்குக்கு முன்னால் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

“ஏழு வருஷம் நாங்க கேட்டோம்” என்றார், யாரையும் பார்க்காமல். “நாப்பது நிமிஷம் நீங்க கேளுங்க.”

நான்கு பேர் எழுந்து போனார்கள். மீதிப் பேர் போகவில்லை. வைத்தியர் குனிந்து உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கம்பெனிக்காரர் என் மேசைக்கு வந்து காதருகே குனிந்தார். “ஒப்பந்தம் முடிஞ்சுது. புரியுதா?”

“புரியுது சார்” என்றேன். சத்தத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றினேன்.