இன்ஸ்பெக்‌ஷனுக்கு இரவல் வாங்கிய செம்பருத்தி

அந்தத் தொட்டி விவகாரத்தை நினைத்தால் தர்மராஜுக்கு இன்றைக்கும் காது மடல் சுடும். யாரும் அவனைத் திட்டவில்லை, அடிக்கவில்லை, மேலிடத்துக்கு எழுதிப் போடவில்லை. திட்டியிருந்தால் தேவலை. நாலு நாளில் மறந்துபோயிருக்கும்.

எண்பத்து மூன்றாம் வருஷம், மாசி மாதம். பெரம்பலூரில் ஒரு சர்க்கார் ஆபீஸ். எந்த டிபார்ட்மெண்ட் என்பது இப்போது வேண்டாம். திருச்சியிலிருந்து பெரிய அதிகாரி வெள்ளிக்கிழமை இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருகிறார் என்று திங்கட்கிழமை தபால் வந்தது. ஃபைலைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. ஃபைல் என்றைக்கும் இருக்கிற மாதிரிதான் இருக்கும். ஹெட் கிளார்க் அமிர்தலிங்கம் வெற்றிலையைக் குதப்பிக்கொண்டே வாசலைத்தான் பார்த்தார். ஒரு வேப்பமரம், அதன் கீழே கால் போன ரெண்டு நாற்காலி, ஓரமாகக் கொஞ்சம் கருவேல முள். அவ்வளவுதான் வாசல்.

“அந்த ஆளு செடிப் பைத்தியம்யா. போன எடத்துல எல்லாம், வாசல்ல ஒரு பச்ச இல்ல, உள்ள என்னத்த வேல நடக்கும்னு காய்ச்சி எடுத்துடறாராம். தர்மராஜு, நீதான் எளவட்டம். ஓடியாடி ஏதாச்சும் பண்ணு. வெள்ளிக்கெழம இந்த வாசல் பூத்துக் குலுங்கணும்” என்றார்.

நாலு நாளில் கீரைகூட முளைக்காது. ஆனால் ஆபீஸ்காரர்களுக்கு இதற்கெல்லாம் ஒரு வழி உண்டு. ஊருக்குள் பூந்தொட்டி வைத்திருக்கும் வீடுகளில் இரவல் வாங்கி வரிசையாக அடுக்குவது, ஜீப் போனதும் திருப்பி அனுப்பிவிடுவது. தர்மராஜ் டாக்டர் வீட்டில் கேட்டான், வக்கீல் வீட்டில் கேட்டான். ரெண்டு இடத்திலும் கதவைத் திறந்தவர்கள் அதே வேகத்தில் சாத்தினார்கள். அப்புறம்தான் அவனுக்கு இருசம்மாள் ஞாபகத்துக்கு வந்தாள்.

இருசம்மாள் அந்த ஆபீஸைக் கூட்டிப் பெருக்குகிறவள், தினக்கூலி. நாற்பத்தைந்து வயதிருக்கும். அவன் வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆகியும் அவள் வீடு எந்தத் தெரு என்றுகூட அவனுக்குத் தெரியாது. எதிர்த்த டீக்கடையில் கொட்டும் தேயிலைச் சக்கையைத் தினமும் ஒரு தகரத்தில் வாங்கிக்கொண்டு போவாள். எதற்கு என்று ஒருநாள் கேட்டதற்கு, வீட்டில் செடி இருக்கிறது என்று சொல்லியிருந்தாள். அவ்வளவுதான் தெரியும்.

விசாரித்துக்கொண்டு போனான். ஏரிக்கரைப் பக்கம் கூரை வீடு. வீட்டைவிட வாசல் பெரிதாக இருந்தது. ஒழுகிய அலுமினியக் குண்டான், வாய் உடைந்த பானை, டால்டா டின் என்று கிடைத்ததில் எல்லாம் செடி. கனகாம்பரம் ஒரு பக்கம், டிசம்பர் பூ ஒரு பக்கம், டேபிள் ரோஸ் தரையெல்லாம் படர்ந்து கிடந்தது. ஒவ்வொரு தொட்டியிலும் மண் தெரியாமல் தேங்காய் நார் போட்டு மூடியிருந்தாள். வெயில் சுவரைத் தாண்டி வரும்போது தொட்டிகளையும் நிழலோடு நகர்த்தி வைப்பாளாம். நடுவில், ஈரச் சாக்கைச் சுற்றிக்கொண்டு ஒரு மண் தொட்டி. அதில் மஞ்சள் அடுக்குச் செம்பருத்தி. ஏழெட்டுப் பூ, ஒவ்வொன்றும் உள்ளங்கை அகலம். டாக்டர் வீட்டில் வெட்டிப் போட்ட குச்சியாம். நாலு குச்சி நட்டு மூன்று பட்டுப்போய், மிஞ்சின ஒன்று பூக்க ரெண்டு வருஷம் ஆனதாம்.

அதுவரை அவளை ‘நீ, வா, போ’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தவன் அன்றைக்கு, “ஒரு நாளைக்குத்தாங்க, நீங்கதான் மானத்தக் காப்பாத்தணும்” என்றான். சொல்லும்போதே அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. அவள் மாட்டேன் என்று சொல்ல முடியாத இடத்தில் இருக்கிறவள் என்று அவனுக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டான்.

“எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க சார். இது ஒண்ணு மட்டும் இருக்கட்டுமே. எடம் மாறுனா மொட்டக் கொட்டிப்புடும்” என்றாள் செம்பருத்தியைக் காட்டி.

“அதுதாங்க வாசலுக்கே எடுப்பா இருக்கும். சனிக்கெழம காலைல நானே தூக்கியாந்து இதே எடத்துல வச்சிடறேன்.”

அவள் சாக்கை நனைத்து இறுக்கிக் கட்டிக் கொடுத்தாள்.

வியாழக்கிழமை கைவண்டியில் பதினொரு தொட்டி ஆபீஸுக்கு வந்தது. அமிர்தலிங்கம் காவி கரைத்து எல்லாவற்றுக்கும் அடிக்கச் சொன்னார். டால்டா டின்னின் பனைமரப் படத்தின்மேல் ரெண்டு தரம் அடித்தும் பனைமரம் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது. செம்பருத்தித் தொட்டியில் சுற்றியிருந்த சாக்கு அசிங்கமாக இருக்கிறதென்று தர்மராஜே அதை அவிழ்த்து எறிந்தான்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு ஜீப் வந்தது. சிறுவாச்சூர் கோயிலுக்கு வந்த கையோடு அதிகாரியின் மனைவியும் கூடவே இறங்கினார். நெற்றியில் குங்குமம் இன்னும் ஈரமாக இருந்தது. அதிகாரி உள்ளே போகவில்லை. நேரே செம்பருத்தியின் முன்னால் போய் நின்றார்.

“யாருய்யா இதெல்லாம் வளத்தது?”

“நம்ம தர்மராஜ்தாங்க சார். குன்னம் பக்கம், வெவசாயக் குடும்பம். ஆபீஸ் நேரம் போக மத்த நேரமெல்லாம் இதுதான் அவனுக்கு” என்று அமிர்தலிங்கம் கூசாமல் அடித்துவிட்டார்.

இல்லை சார் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? அதிகாரி திரும்பி அவனைப் பார்த்தார். பார்வையில் அப்படி ஒரு பிரியம். அவ்வளவு பெரிய மனுஷர் யாரும் அதுவரை அவனை அப்படிப் பார்த்ததில்லை. தர்மராஜ் பல்லை இளித்துக்கொண்டு தலையைக் குனிந்தான். சும்மா நின்றிருந்தாலாவது பரவாயில்லை. “எங்கப்பாகிட்ட கத்துக்கிட்டது சார்” என்று வேறு சொன்னான். அவன் அப்பா வெங்காயமும் பருத்தியும் போடுகிறவர். பூச்செடி என்றால் மாட்டுக்குப் போடலாமா என்று கேட்பார்.

அந்த அம்மாள் ஆவலாகக் கிட்டே வந்தார். “எங்க வீட்லயும் இருக்கு தம்பி. மொட்டு வைக்குது, விரியறதுக்கு முன்னாடி பொலபொலன்னு கொட்டிடுது. நீங்க என்ன பண்றீங்க?”

ஏதாவது சொல்லியாக வேண்டும். “யூரியா போடுவங்கம்மா. நெறைய” என்றான்.

“யூரியாவா? அதப் போட்டா எலைதானே வரும்?” என்று அதிகாரி புருவத்தைச் சுருக்கினார். வாசற்படிக்குப் பக்கத்தில் விளக்குமாற்றைப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றிருந்த இருசம்மாள்தான் வாயைத் திறந்தாள். தரையைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

“சார் தெனமும் என்னைய வுட்டு டீத்தூள் சக்க வாங்கியாரச் சொல்லுவாங்களே, அதச் சொல்லுங்க சார். கழுவிக் காயவச்சுப் போடுவாங்க. மாவுப்பூச்சி வந்தா சோப்புத் தண்ணியத் துணில தொட்டுத் தொடச்சி வுடுவாங்க. சாருக்குப் பெரியவங்களப் பாத்ததும் பதட்டத்துல மறந்துபோச்சு.”

அந்த அம்மாள் சிரித்துவிட்டார். “பாத்தீங்களா, தம்பிகிட்ட இருந்து கூட்டுற அம்மாகூடக் கத்துக்கிட்டிருக்காங்க.”

தர்மராஜுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பூமி பிளந்தால் அப்படியே உள்ளே போயிருப்பான். இந்தப் பேச்சை எப்படியாவது முடித்துவிட வேண்டும், அந்த அம்மாள் அந்தத் தொட்டியை விட்டு நகர வேண்டும் என்பதைத் தவிர வேறு ஒன்றும் ஓடவில்லை. “புடிச்சிருந்தா எடுத்துட்டுப் போங்கம்மா” என்றான்.

யாரும் அவனிடம் கேட்கவில்லை. அந்த அம்மாளே, “ஐயய்யோ, வேணாம் தம்பி, ஆசையா வளத்தது” என்றுதான் சொன்னார். “பரவால்லங்கம்மா, நான் வேற வச்சுக்குவேன்” என்று அவன்தான் வற்புறுத்தினான். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்றே அவனுக்கு உறைத்தது. அதற்குள் அமிர்தலிங்கம், “இருசம்மா, அதத் தூக்கி ஜீப்புல வையி” என்று குரல் கொடுத்துவிட்டார்.

அவள்தான் தூக்கினாள். இடுப்பில் வைத்துப் பிள்ளையைத் தூக்குகிற மாதிரி தூக்கிக்கொண்டு போனாள். வேலியோரம் அவன் எறிந்திருந்த சாக்கை எடுத்து உதறி, ஜீப்பின் பின்பக்கம் தொட்டி சாயாமல் அண்டை கொடுத்தாள். தர்மராஜ் அதிகாரியோடு உள்ளே போய்விட்டான். இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பில் அதிகாரி அவன் பெயரைப் போட்டு, தோட்டக்கலையில் ஆர்வமுள்ள இளைஞர் என்று ஒரு வரி எழுதியிருந்தார். அமிர்தலிங்கம் அதை எல்லோருக்கும் படித்துக் காட்டினார்.

சனிக்கிழமை பத்துத் தொட்டிகளோடு கைவண்டி ஏரிக்கரைக்குப் போனது. தர்மராஜும் கூடப் போனான். போகாமல் இருந்துவிடலாம் என்றுதான் ராத்திரியெல்லாம் யோசித்தான், ஆனாலும் போனான். செம்பருத்தி இருந்த இடத்தை அவள் கூட்டிச் சுத்தமாக வைத்திருந்தாள்.

“திருச்சில நர்சரில சொல்லி வேற வாங்கியாந்து தரேங்க” என்றான்.

“அதுக்கென்ன சார், அந்தம்மா ஆசப்பட்டாங்க” என்றாள். ஒரு பழந்துணியை நனைத்து டால்டா டின்னில் அடித்திருந்த காவியைத் துடைக்க ஆரம்பித்தாள். அவன் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, போயிட்டு வரேன் என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிட்டான்.

அதற்கப்புறம் அவளை நேருக்கு நேர் பார்க்காமல் இருப்பதே அவனுக்கு ஒரு வேலையாகிவிட்டது. அவள் கூட்டி முடித்துப் போன பிறகு ஆபீஸுக்கு வருவான். எதிரே வந்தால் ஃபைலைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொள்வான். இரண்டு வாரம் இப்படி ஓடியது. பங்குனி பிறந்து வெயில் சுள்ளென்று அடிக்க ஆரம்பித்த ஒரு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போயிருந்த நேரத்தில், இருசம்மாள் அவன் மேஜைக்கு முன்னால் வந்து நின்றாள்.

“ஒரு கடுதாசி எழுதணும் சார். எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதுல்ல.”

புகார் மனுதான் என்று முடிவே கட்டிவிட்டான். “யாருக்கு?” என்றான்.

“அந்த அம்மாவுக்குத்தான். திருச்சிக்கு. செம்பருத்திய எப்படி வச்சிக்கணும்னு அன்னைக்கு முழுசாச் சொல்ல முடியல. அவங்க பாட்டுக்கு வெயில்ல வச்சிருந்தாங்கன்னா போச்சு.”

அவன் தாளை எடுத்தான். அவள் நின்றபடியே சொல்லச் சொல்ல எழுதினான். காலையில் வெயில் ஏறுவதற்கு முன் தண்ணீர் ஊற்ற வேண்டும், உச்சி வெயிலில் ஒரு சொட்டு ஊற்றக் கூடாது. மண்ணில் விரலை விட்டுப் பார்த்து, உள்ளே காய்ந்திருந்தால்தான் ஊற்ற வேண்டும். காலை வெயில் போதும், மத்தியானம் நிழல். அரிசி கழுவிய தண்ணீரை வாரம் ஒருமுறை வேரோரம். சித்திரை முடியும்வரை தொட்டியைச் சுற்றி ஈரச் சாக்கு. இடம் மாறியிருப்பதால் முதலில் மொட்டு கொட்டும், அதைப் பார்த்துப் பயந்துபோய்ச் செடியைப் பிடுங்கிப் போட்டுவிடக் கூடாது. இதை மட்டும் ரெண்டு தரம் சொன்னாள். அவனும் ரெண்டு தரம் எழுதினான்.

“கீழ எம்பேரப் போட்டுருங்க சார். ஆபீஸ் கூட்டுற இருசம்மா சொன்னதுன்னு. ஜீப்புல வச்சவ நான்தான, அவங்களுக்கு ஞாபகம் இருக்கும்.”

பேனா தாளின்மேல் நின்றது. இருசம்மாள் என்று எழுதினால் அந்த அம்மாள் படிப்பார், அதிகாரியிடம் காட்டுவார். இவளுக்கு இவ்வளவு எப்படித் தெரியும் என்று கேட்பார்கள். இன்ஸ்பெக்‌ஷன் குறிப்பிலிருக்கும் அந்த ஒரு வரி என்ன ஆவது? தர்மராஜ் தலையை நிமிர்த்தாமல் ‘இப்படிக்கு’ என்று எழுதி, கீழே தன் கையெழுத்தைப் போட்டான். பிறகு முழுக் கடிதத்தையும் அவளுக்கு வாசித்துக் காட்டினான். கடைசி வரிக்கு வந்ததும், “இப்படிக்கு, இருசம்மாள்” என்று வாசித்தான்.

அவள் முகம் மலர்ந்தது. முந்தானையில் விரலைத் துடைத்துக்கொண்டு தாளுக்குக் குனிந்தாள்.

“எது சார் எம்பேரு?”

அவன் தன் கையெழுத்தைத் தொட்டுக் காட்டினான்.

அவள் பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள். விரலை அதன்மேல் வைக்கவில்லை.

“இது நீங்க போடுற கையெழுத்துதான சார். மாசாமாசம் கூலி வாங்குறப்ப என் கைநாட்டுக்குப் பக்கத்துல சாட்சின்னு போடுவீங்களே, அதுதான இது. இந்த வாலு இழுத்து வுட்டுருக்கறது எனக்கு நல்லாத் தெரியும்.”

தர்மராஜ் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான்.

“இருந்துட்டுப் போவுது சார்” என்றாள் அவள். “தண்ணி வெவரமெல்லாம் நான் சொன்னபடிதான எழுதியிருக்கு? அதுலயும் ஒண்ணும் மாத்திடலையே?”

“மாத்தலைங்க” என்றான்.

“அப்ப இன்னைக்கே தபால்ல போட்டுருங்க. வெயிலு ஏறிக்கிட்டே போவுது.”