மடித்து வெட்ட முடியாத முகம்

எக்ஸ்பிரஸ் என்றுதான் தெருவே அவளைக் கூப்பிடும். காலையில் கொடுத்த துணியைச் சாயங்காலம் தைத்துக் கையில் கொடுக்கிற தையல்காரிக்கு வேறென்ன பேர் வைப்பார்கள்? கைக்குச் சளைத்ததல்ல வாய். யாராவது ஒரு பேச்சை ஆரம்பித்தால் அதை முடித்துவைக்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொள்வாள். பாதி நேரம் அது சரியாகவும் இருந்து தொலைக்கும், அதுதான் வினை.

அவள் வீட்டுக்காரர் நேர் எதிர். டிரைவிங் ஸ்கூலில் மாஸ்டர். கிளட்சுக்கும் பிரேக்குக்கும் வித்தியாசம் தெரியாதவர்கள் பக்கத்தில் காலமெல்லாம் உட்கார்ந்தும், ஒரு நாள்கூடக் குரலை உயர்த்தாத மனுஷன். அவரைப் போய் பக்கவாதம் பிடித்தது. கால் மெல்ல மெல்லத் தேறியது. முகத்தின் வலது பாதி தொங்கிப்போனது. பேச்சு மட்டும் திரும்புவேனா என்றது. மனசில் இருக்கிற வார்த்தை வாய்க்கு வந்து சேர்வதற்குள் வழி தவறிவிடும்.

ஜன்னலோர நாற்காலியில் இருந்தபடி "ப..." என்று ஆரம்பிப்பார். பாலா, பேப்பரா, பாத்ரூம் போகணுமா என்று கேட்டுக்கொண்டே அவள் அடுக்களைக்கும் வாசலுக்கும் ஓடுவாள். கொண்டுவந்து நீட்டினால் இல்லை என்று தலையாட்டுவார். பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் நயமாகத்தான் சொல்லிப் பார்த்தாள்: வார்த்தையை நீங்கள் எடுத்துக் கொடுக்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் காத்திருங்கள், இல்லாவிட்டால் அவர் முயற்சி பண்ணுவதையே விட்டுவிடுவார். எக்ஸ்பிரஸுக்குப் புரியாமல் இல்லை. வாய் கேட்க வேண்டுமே. கொஞ்ச நாளில் அந்த "ப" கூட நின்றுபோனது. அவர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷன் இப்படியே ஊமையாகிவிட்டால் அதற்குக் காரணம் தன் வாய்தான் என்று பயந்தாள்.

கைக்கு வேலை கொடுத்தால் வாய் சும்மா இருக்கும் என்று ஒரு யோசனை தோன்றியது. தையல் மிஷின் என்றால் சத்தம். அதனால் துணிக்கு அளவு வரைகிற பழுப்புத் தாளையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு அவர் எதிரே உட்கார்ந்தாள். அவர் முகத்தை உள்ளது உள்ளபடி வரைந்துவிடுவது என்று தீர்மானம். ஊருக்கெல்லாம் அளவெடுக்கிறவளுக்கு ஒரு முகம் என்ன பிரமாதம்?

முதல் படத்தை அடுப்பில் பால் பொங்குவதற்குள் முடித்துவிட்டாள். மாஸ்டர் வாங்கிப் பார்த்தார். தோள் குலுங்கியது. படுத்து எழுந்த பிறகு அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. உருளைக்கிழங்குக்கு மீசை வைத்த மாதிரி இருப்பதை அவளும் ஒப்புக்கொண்டாள். ஒரு பக்கம் ரோஷம், ஒரு பக்கம் கண் நிறைந்தது.

அதிலிருந்து மத்தியானம் வீட்டு முன்னறையில் இருக்கிற தையல் கடையைச் சாத்தினால் பென்சிலும் கையுமாக உட்கார்ந்துவிடுவாள். நிழல் போடுவது அவளுடைய வேகத்துக்குப் பிடிபடவே இல்லை. அவசரப்பட்டு அழுத்தினால் தாள் பளபளத்துப்போய், அதற்கு மேல் பென்சிலே ஒட்டாது. லேசாகத் தடவி, பார்த்து, மறுபடியும் தடவ வேண்டும். ஒரு புருவத்துக்கே ஒரு பொழுது போனது. இவ்வளவு பாடுபட்டும் படத்தில் இருந்தது அவர் இல்லை. மூக்கு சரி, கண் சரி, ஆனால் அவருக்கு ஒன்றுவிட்ட அண்ணன் மாதிரி யாரோ. டேப்பை வைத்துக்கூட அளந்து பார்த்தாள்.

மாஸ்டர்தான் இடது கையை நீட்டிப் படத்தில் பாதியை மூடிக் காட்டினார். பிறகு மறுபாதியை மூடினார். கடைசியில் தன்னுடைய தொங்கிய உதட்டோரத்தைத் தொட்டார்.

அவளுக்குச் சுருக்கென்றது. சட்டைக்கு முதுகு வெட்டும்போது துணியை இரண்டாக மடித்துப் பாதியை மட்டும் வெட்டுவாள், மறுபாதி தானாக வந்துவிடும். முகத்தையும் அப்படியே வரைந்திருந்தாள். நன்றாக இருக்கிற இடது பாதியைப் பார்த்து வலது பாதியையும் போட்டுவிட்டாள். தொங்கிய பக்கத்தை அவள் ஒரு தடவையாவது நின்று பார்த்திருந்தால்தானே? பார்க்க மனசுக்குத் தெம்பில்லை, அதுதான் நிஜம்.

ரப்பரை எடுத்து வலது பாதியை அழித்தாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு நிமிர்ந்து பார்த்தாள். இமை கொஞ்சம் தாழ்ந்திருந்தது. கன்னத்துக் கோடு காணாமல் போயிருந்தது. அதையெல்லாம் இருக்கிற மாதிரியே கொண்டுவந்தாள். அசிங்கமாக ஒன்றும் இல்லை, அவராக இருந்தது. உதட்டோரத்துக்கு வந்து பென்சிலை வைக்கப் போனபோது அந்த உதடு அசைந்தது.

"ப..."

பால் என்று அவள் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உதடு அடங்கினால்தானே கோடு போட முடியும்? பென்சிலைத் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தாள். உதடு நடுங்கியது, ஒட்டியது, திறந்தது. தெருவில் ஏதோ வண்டி வந்து நின்று, மறுபடி கிளம்பிப் போனது. அவள் அந்த உதட்டைத் தவிர எதையும் பார்க்கவில்லை.

"பக்...கத்துல..."

அவள் பென்சிலை இறக்கவில்லை.

"...உக்காரு."

பென்சில் கையிலேயே நின்றது. அவர் வாயைத் திறந்தபோதெல்லாம் அவள் வேறு அறைக்கு ஓடியிருக்கிறாள். காலமெல்லாம் அடுத்தவர் பக்கத்தில் உட்கார்ந்த மனுஷன் கேட்டது அவ்வளவுதான்.

"இதையாங்க இத்தனை நாளா கேட்டீங்க?"

அவர் தலையாட்டினார். அவள் வாய்விட்டு அழுதாள், நடுவே சிரித்தாள். பயிற்சி கொடுத்த பெண்ணுக்கு, ரப்பருக்கு, அந்த மீசை வைத்த உருளைக்கிழங்குக்குக்கூட மனசார நன்றி சொன்னாள். வாய் நிறையப் பேச வேண்டும் போல இருந்தும் பேசாமல் நாற்காலியை இழுத்து அவர் வலது பக்கத்தில் போட்டுக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்துக் கடைக்கதவை யாரோ தட்டினார்கள். "அக்கா, என் துணி ரெடியா?"

"நாளைக்கு வாங்க" என்றாள் எக்ஸ்பிரஸ்.

கடை மாறி வந்துவிட்டோமோ என்று வந்தவர் போர்டைப் பார்த்திருக்க வேண்டும்.

எதிரே இருந்தால் முழு முகம். பக்கத்தில் உட்கார்ந்தால் அவருடைய வலது பாதி மட்டும்தான் தெரிந்தது. அவள் புதுத் தாள் ஒன்றை மடியில் விரித்து, அவசரமில்லாமல் பென்சிலைச் சீவத் தொடங்கினாள்.