முத்து வைத்த இடம்

முத்தை அங்கே வைக்கவில்லை என்பதை என்றாவது ஒருநாள் யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். யாருமே கண்டுபிடிக்காமல் போனால்? அது இன்னும் கஷ்டம்.

விளைமீனின் செதிளை உரசிக்கொண்டே ஹில்டா இதை நினைத்தாள். கூடத்தில் அவள் கணவன் பாஸ்கல், தன் அக்கா அல்போன்சாவுக்கு ரோமாபுரியை நாலாவது தடவையாகச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"கையில மேப்பு கிடையாது. ஒருத்தன்கிட்ட வழி கேக்கல. மாதா கோயில்னா தண்ணிய ஒட்டித்தானக்கா இருக்கும்? தண்ணி எங்கன கிடக்கோ அங்கன நடன்னு நடந்தோம். ஆறு வந்துச்சு. ஆத்தங்கரையில கோயில். உள்ள போனா மாதா சுரூபம், நீல முக்காடு போட்டு நிக்கா."

"நம்ம மாதா மாதிரியேவாலே?"

"நம்ம மாதாவுக்கு நகை ஜாஸ்தி."

அல்போன்சா சிரித்தாள். கணவனை இழந்தபின் அவள் அப்படிச் சிரிப்பது குறைவு. மகள் பேபிக்கு மணப்பாட்டிலிருந்து வந்த சம்பந்தம் உறுதியானதிலிருந்துதான் இந்தச் சிரிப்பு. அதற்கு முன் மூன்று இடம் பேசி மூன்றும் தட்டிப்போயிருந்தன.

பாஸ்கல் சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். கல்யாணமாகிப் பதினோரு வருஷத்தில் அவன் வீட்டில் இருந்த நாட்களைச் சேர்த்தால் இரண்டு வருஷம் தேறாது. போன டிசம்பரில் கம்பெனி, அதிகாரிகள் ஒரு பயணத்துக்கு மனைவியைக் கூட்டிப்போகலாம் என்று அனுமதி கொடுத்தது. ஹில்டா தயங்கினாள். இரண்டு பிள்ளைகளையும் அல்போன்சாதான் இழுத்து அணைத்துக்கொண்டாள். "போயிட்டு வா ஏளா. பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன். எனக்கு ஒரே ஒரு காரியம் செஞ்சா போதும்."

அந்தக் காரியம் பஞ்சில் சுற்றிய ஒற்றை முத்து. அறுபத்தொன்றில் கடைசியாக நடந்த முத்துக்குளிப்பில் அவள் கணவர் மூழ்கி எடுத்தது. ரோமாபுரியில் இருக்கிற பனிமய மாதா கோயிலில், தூத்துக்குடியில் இருக்கிற நம் மாதாவின் மூலக் கோயிலில், அதைக் காணிக்கையாக வைக்க வேண்டும். பேபிக்குக் கல்யாணம் கூடி வர வேண்டி நேர்ந்துகொண்ட நேர்ச்சை. கோயிலின் பெயரைப் பங்குச் சாமியார் ஒரு துண்டுச் சீட்டில் அந்த ஊர்ப் பாஷையிலேயே எழுதிக் கொடுத்திருந்தார்.

நான்கு மாதம். போர்ட் சையத், ஜெனோவா, நேப்பிள்ஸ். கப்பல் கட்டிக் கிடக்கும் நாட்களில் இருவரும் நடந்தார்கள். இன்ஜின் அறையின் சூட்டில் கிடந்தவனுக்கு நடப்பதுதான் பெரிய ஆசை. பார்க்க வேண்டியவை என்று சொல்லப்பட்ட எதையும் அவன் தேடிப்போகவில்லை. கொடியில் காயும் துணிகளைப் பார்த்து எத்தனை பிள்ளைகள் என்று கணக்குப் போட்டான். ஜன்னல் வழியாக வரும் வாசனையை வைத்து என்ன சமையல் என்று அவள் சொல்ல வேண்டும். தூத்துக்குடியில் கோயிலுக்குப் போகும்போது அவன் நாலடி முன்னால் போவான். அவள் பிள்ளைகளோடு பின்னால். வெளியூரில் எப்போது அவன் பக்கத்தில் நடக்கத் தொடங்கினான் என்று அவளுக்குத் தெரியாது. ஜெனோவாவில் ஒரு கடைக் கண்ணாடியில் இரண்டு உருவங்கள் தோளோடு தோள் வருவதைப் பார்த்து, யார் இவர்கள் என்று நினைத்த பிறகுதான் தெரிந்தது.

நேப்பிள்ஸிலிருந்து ரயிலில் ரோமாபுரி போனது பிப்ரவரியில். புடவைக்கு மேல் பாஸ்கலின் பழைய கோட்டு, காலில் கம்பளிச் சாக்ஸ். ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும் அவன் சூரியனைப் பார்த்தான், தெருவின் சரிவைப் பார்த்தான், தண்ணீர் இந்தப் பக்கம் என்று இறங்கத் தொடங்கினான். நடுப்பகலில் ஒரு சின்னச் சதுக்கத்தில் தெருக்குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருந்தது. ஹில்டா அதன் திருகைத் தேடினாள்.

"என்னத்தத் தேடுத?"

"யாரோ தொறந்து போட்டுட்டுப் போயிட்டாங்க."

"ஏளா, அது எப்பவும் ஓடுத குழாய். ஊர்த் தண்ணிய நீ அடைக்கப் பாக்கியா!"

இரண்டு குடம் தண்ணீருக்கு வரிசையில் நிற்கிற ஊர்க்காரி அவள். கை நனைய நனைய அங்கேயே நின்றாள். அவன் குழாயின் கல்விளிம்பில் உட்கார்ந்து, எந்த முகாந்திரமும் இல்லாமல் சொன்னான்: "இன்ஜின் சத்தம் நின்னா எனக்குப் பயமா இருக்கும். லீவுல வந்தா மொத வாரம் தூக்கம் வராது பாத்தியா, அதான். வீடு அவ்வளவு அமைதியா இருக்கும்."

பதினோரு வருஷமாக ஒவ்வொரு விடுப்பின் முதல் வாரத்திலும் அவன் பாயை விட்டு எழுந்துபோவதை, தன் பக்கத்தில் இருக்கப் பிடிக்காமல் போவதாகத்தான் அவள் எண்ணியிருந்தாள். அதைக் கேட்டதும் இல்லை, சொன்னதும் இல்லை.

"இரு, சூடா என்னமோ விக்கான்" என்று அவன் தெருவின் மறுபக்கம் போனான். அந்தச் சமயம்தான் அவள் துண்டுச் சீட்டை எடுத்துப் பூ விற்கிற ஒரு கிழவியிடம் காட்டினாள். கிழவி வாசித்துவிட்டு, இந்தப் பக்கம் இல்லை என்று தலையை ஆட்டினாள். அவர்கள் வந்த வழியைக் காட்டினாள். ரயில் போல வாயால் சத்தம் செய்தாள். தன் இடது உள்ளங்கையில் விரலால் ஸ்டேஷனுக்கு ஒரு புள்ளி வைத்தாள், அதை ஒட்டிக் கோயிலுக்கு இன்னொரு புள்ளி. மேட்டின் மேல்.

ஹில்டாவுக்குப் புரிந்துவிட்டது: கோயில் அவர்கள் வந்திறங்கிய ஸ்டேஷனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. சொன்னால் அவன் உடனே திரும்புவான். அவசரமாக மேடேறி, கோயிலைப் பார்த்து, முத்தை வைத்து, ரயிலைப் பிடிப்பார்கள். இப்போதுதான் பேசத் தொடங்கியவன் மறுபடி நாலடி முன்னால் போய்விடுவான்.

சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தாள். அவன் காகிதக் கூம்பில் சுட்ட கொட்டைகளோடு வந்தான். தின்றால் பனங்கிழங்கு ருசி. அதைச் சொன்னதும் இரண்டு பேரும் சிரித்தார்கள். சாயங்காலம் வரை ஆற்றை நோக்கி நடந்தார்கள். அவன் பேசிக்கொண்டே வந்தான். ஆற்றங்கரையில் கண்ட கோயில்தான் நம் மாதாவின் மூலக் கோயில் என்று அவன் நம்பிவிட்டான். அங்கே நீல முக்காட்டுச் சுரூபத்தின் காலடியில் முத்தை வைத்தவள் அவள்தான். அப்போதும் பேபியின் பெயரை அவள் சொல்லவில்லை. இந்த நாள் முடியக் கூடாது என்றுதான் வேண்டினாள்.

சாமியாரிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லலாம் என்று மூன்று தடவை போய் வரிசையில் நின்றாள். அதற்குச் செய்த பாவத்தை நினைத்து வருந்தி மனஸ்தாபப்பட வேண்டுமே. அல்போன்சாவை நினைத்தால் மனஸ்தாபம் வந்தது. அந்த நாளை நினைத்தால் வரவில்லை. மூன்று தடவையும் வரிசையை விட்டு விலகி வந்துவிட்டாள்.

"ஏளா ஹில்டா, கையக் கழுவிட்டு வா" என்று அல்போன்சா கூப்பிட்டாள்.

கூடத்தில் மேஜைமேல் அல்போன்சாவின் நல்ல பட்டுப்புடவை மடித்து வைத்திருந்தது. பக்கத்தில் கோடு போட்ட தாள்.

"நாளைக்கு நவநாள் பூசை முடிஞ்சதும் மாதா சபைப் பெண்டுக எல்லாம் இருப்பாங்க. சாமியாரும் இருப்பாரு. நீ எழுந்து நின்னு இத வாசிக்கணும். பேபி எழுதினா, எழுத்து முத்து முத்தா இருக்கும். இந்தச் சேலையக் கட்டிக்கோ."

ஹில்டா தாளை எடுத்தாள். 'ரோமாபுரியில் பனிமய மாதாவின் ஆதிக் கோயிலில், மாதாவின் பாதத்தில், என் கையால் முத்தை வைத்தேன். நேர்ச்சை பலித்ததற்கு நானே சாட்சி.' கல்யாணப் பெண்ணின் எழுத்து. புள்ளிகள்கூட வட்டமாக இருந்தன.

"என்ன ஏளா, வாய்க்குள்ளயே வாசிக்க? கூட்டத்தப் பாத்தா கை நடுங்குமோ? சீமைத் தெருவெல்லாம் சுத்தின காலு, நம்ம கோயில்ல நிக்காதா?"

"நடுக்கம் இல்ல மைனி."

"அப்போ?"

ஹில்டா அவள் முகத்தைப் பார்த்தாள். நான்கு மாதம் தன் பிள்ளைகளுக்குத் தலைவாரி, மீன்முள் எடுத்துச் சோறு ஊட்டிய மனுஷி. இந்தத் தாளை வாசித்துவிடுவது எவ்வளவு சுலபம். இரண்டு வரி. வாசித்துவிட்டால், அந்தச் சதுக்கமும் ஓயாத குழாயும் கிழவியின் உள்ளங்கையும் நடந்ததே இல்லை என்று ஆகிவிடும். ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கும், அவள் கண்ணால் பார்க்காத ஒரு பெரிய கோயில் அந்த இடத்தில் வந்து நின்றுகொள்ளும்.

"சும்மா வாசிச்சிரு ஹில்டா" என்றான் பாஸ்கல். "அக்கா ஆசப்படுதா. உனக்கு வராதுன்னா சொல்லு, சாமியார்கிட்ட கேட்டு நான் வாசிக்கேன்."

அவள் தாளை இருந்த மடிப்பிலேயே மடித்தாள். அல்போன்சாவின் கையை எடுத்து, உள்ளங்கையில் அதை வைத்து, விரல்களை மூடினாள். தன் கையை உடனே எடுக்கவில்லை.

"நான் வாசிக்க மாட்டேன் மைனி" என்றாள். பிறகு பாஸ்கலைப் பார்த்து, "நீங்களும் வாசிக்க வேண்டாம்."