இரண்டு புரொபைலும் ஒரு பிரிஜ்ஜும்

ஏறாவூரில் ஜெமீலாவின் வீட்டுக்கு இரண்டு புரொபைல் இருந்தது. பிரதேச செயலகத்தில் கிடந்த குடும்பப் புரொபைலின்படி அது தகரக் கூரை, பூசாத சுவர், பிரிஜ் இல்லாத விதவை வீடு. மகள் இனாயாவுக்கு மாப்பிள்ளை தேடி ஜெமீலாவின் தம்பி அஸாம் வாட்ஸ்அப்பில் அனுப்பிய கல்யாணப் புரொபைலில் அதே வீடு மாடி வீடு. அதையும் முழுப்பொய் என்று சொல்லிவிட முடியாது. மாடிக்குப் படி கட்டியாயிற்று. மாடிதான் இல்லை.

இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை வந்து குடியிருக்கும் வீட்டைப் பெண்வீட்டார்தான் கொடுக்க வேண்டும். வீடு சரியில்லை என்று ஏற்கெனவே இரண்டு சம்பந்தம் வாசலோடு திரும்பிப் போயிருந்தது. இப்போது வந்திருக்கும் மூன்றாவதும் போனால் மகளின் முகத்தில் எப்படி விழிப்பது என்று ஜெமீலாவுக்குப் பயமாக இருந்தது.

நிவாரணக் கொடுப்பனவுக்காக வீடு பார்க்கப் புதன்கிழமை வருவதாகச் சொன்ன உத்தியோகத்தர் கம்சாயினி வரவில்லை. அவளை நம்பிச் செவ்வாயே பிரிஜ்ஜைப் பக்கத்து வீட்டு ஹப்ஸாவிடம் தூக்கிக் கொடுத்தாயிற்று. ஹப்ஸா நிவாரணத்துக்கு விண்ணப்பிக்காதவள். அதனால் தெருவில் நாலு வீட்டுப் பிரிஜ் அவள் வீட்டில்தான் நின்றது. வியாழனும் அந்த மகராசி வரவில்லை. வெள்ளிக்கிழமை அஸர் தொழுகைக்குப் பிறகு மாப்பிள்ளையின் தாய் மர்ழியா வீடு பார்க்க வந்துவிட்டாள்.

வேலிக்கு மேலால் ஹப்ஸா நீட்டிய குளிர்ந்த சர்பத்தை மர்ழியா கையில் வாங்கிய நேரம் பார்த்துத்தானா கம்சாயினி ஸ்கூட்டியில் வந்து இறங்க வேண்டும்?

கம்சாயினி கையிலிருந்த பைலைத் திறந்தாள். "பிரிஜ் இருக்கா அக்கா?"

ஓம் என்றால் கொடுப்பனவு போய்விடும். இல்லை என்றால் மாப்பிள்ளை போய்விடுவான். மர்ழியாவின் கிளாஸில் ஐஸ்கட்டி மிதந்தது.

"இல்ல மிஸ்," என்றாள் மர்ழியா. "ஐஸ் நான்தான் கடையில வாங்கிட்டு வந்த."

கம்சாயினி கிளாஸைப் பார்த்தாள். படியைப் பார்த்தாள். "இந்தப் படி எங்க போகுது?"

"ஒரு இடமும் போகல்ல மிஸ்," என்றாள் ஜெமீலா. அது உண்மை. அதுவும் எழுதப்பட்டது.

ஸ்கூட்டி போனதும் ஜெமீலா அழுதேவிட்டாள். "ராத்தா, மாடி இல்ல. தம்பி புரொபைலில கூட்டிப் போட்டுட்டான். இரிக்கிறது இவ்வளவுதான்."

மர்ழியா மிச்சச் சர்பத்தையும் குடித்து முடித்தாள். "எங்கட பிரிஜ் தங்கச்சிட வீட்டில நிக்கிது, மூணு மாசமா. மகன் கட்டார்ல சூப்பவைசர் எண்டு புரொபைலில போட்டிருந்தமே. லொறிதான் ஓட்டுறான்."

ஜெமீலாவுக்கு நெஞ்சிலிருந்து ஒரு மூட்டை இறங்கியது போலிருந்தது.

"நிக்காஹ்வுக்கு முன்ன பிரிஜ்ஜ இஞ்ச கொண்டு வந்திடுங்க. அவனுக்குக் குளிர்தண்ணி இல்லாம ஒண்டும் இறங்காது," என்று சொல்லி மர்ழியா எழுந்தாள். படியருகே நின்று அதை ஒருமுறை அண்ணாந்து பார்த்தாள்.

"அண்டைக்கு ரெண்டு பேரையும் இதில நிக்க வெச்சி ஒரு படம் எடுப்பம். மகன்ட வாட்ஸ்அப் புரொபைலில போடட்டும். மேல மட்டும் தெரியப்படா."