பேட் பிடிப்பவள்

ஆறேகாலுக்கு ஷட்டர் பாதி ஏறும். குனிந்துதான் உள்ளே போக வேண்டும். முன்பு சோபா விற்ற கடை. இப்போது பெண்களுக்கான குத்துச்சண்டை வகுப்பு; கூரையிலிருந்து குத்து மூட்டைகள் தொங்கின.

முதலில் சேர்ந்தவள் பெரியவள். முதுகு வலிக்கு ஏதாவது உடற்பயிற்சி செய்யச் சொல்லியிருந்தார் டாக்டர். வீட்டுக்குப் பக்கத்தில் இருந்தது இதுதான். தனியாகப் போகக் கூச்சப்பட்டு ஓரகத்தியையும் கூட்டிப் போனாள். அண்ணன் தம்பியைக் கட்டியவர்கள். ஒரே வீட்டில் மேலும் கீழும் குடியிருந்தார்கள். செயற்கைப் பல் செய்யும் லேபில் வேலையும் சேர்ந்துதான். சின்னவளுக்கு அந்த வேலையை வாங்கிக் கொடுத்ததும் பெரியவள்.

இரண்டாவது வாரமே கோச் சொன்னாள். "சின்னவங்களுக்குத் தோள் அழகாத் திரும்புது." பெரியவள் பக்கம் வந்து, "நீங்க மூச்சை விடுங்க. உள்ளயே வெச்சுக்கிட்டு என்ன, குட்டியா போடப் போகுது?" என்றாள்.

சின்னவள் விழுந்து விழுந்து சிரித்தாள். பெரியவளும் சிரித்தாள்.

கோச் போட்டிகளில் ஆடியவள். மூக்கு சற்றே ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கும். வீடும் வேலையுமாக ஓடி, தனக்கு என்ன வேண்டும் என்பதே மறந்துபோன பெண்களுக்காகத்தான் அவள் இந்த வகுப்பை நடத்தினாள். ஒருத்தி கையில் மாட்டுகிற மெத்தைப் பேட்டைப் பிடிக்க வேண்டும், இன்னொருத்தி அதில் குத்த வேண்டும். ஒவ்வொரு குத்துக்கும் தனக்கு வேண்டியதைக் கத்திச் சொல்ல வேண்டும். சொன்னதையே திரும்பச் சொல்லக் கூடாது. முதலில் வருவது வாய்க்கு வந்தது, மூச்சு முட்டும்போது வருவதுதான் நிஜம் என்பாள்.

பஸ் ஓட்டுகிற ஒருத்தி "லீவு! தூக்கம்! நல்ல சீட்டு!" என்று ஆரம்பித்து, கடைசியில் "டிப்போ மேனேஜர்!" என்றாள். உடனே கையை இறக்கிவிட்டாள். "ஐயையோ, யாருடி சொன்னது?" என்று சுற்றிப் பார்த்தாள். அந்த மாதமே தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தாள்.

பெரியவளுடைய முறை வந்தால், "முதுகு வலி போகணும். பையன் படிக்கணும். வாஷிங் மெஷின்." அதோடு சரி. பிறகு குத்து மட்டும் விழும்.

"அதெல்லாம் வீட்டுக்கு. உங்களுக்கு?" என்பாள் கோச்.

"எனக்கென்ன குறை."

குறை இருந்தது. லேபின் ஜன்னலோரம் ஒரு மேஜை. மற்ற மேஜைகளில் குழல் விளக்கு. அங்கே மட்டும் வெயில் வெளிச்சம், ஏனென்றால் பல்லின் நிறத்தை அதில்தான் பார்க்க முடியும். பீங்கான் மாவைத் தூரிகையில் தொட்டு, அடுக்கடுக்காக வைத்து, உலையில் சுட்டு எடுக்கிற மேஜை. பெரியவளுக்கோ உள்ளே, பிளாஸ்டர் மேஜை. பற்களின் அச்சை ஊற்றுவது, காய்ந்ததும் செதுக்குவது. பல வருடமாக அவள் தலைமுடி வெள்ளைப் பொடியோடுதான் வீடு திரும்பியது. சாப்பாட்டு வேளையில் எல்லோரும் வெளியே போனதும், மீந்துபோன மாவில் பல் செய்து பார்ப்பாள். அடுத்தவர் வருவதற்குள் குப்பையில் போட்டுவிடுவாள். புருஷனுக்குக்கூடத் தெரியாது.

ஜன்னல் மேஜைக்காரருக்குக் கண் மங்கிவிட்டது. வெள்ளிக்கிழமை ஒரு முன்பல் செய்து காட்டுங்கள், யார் கை நன்றாக இருக்கிறதோ அவருக்கு மேஜை என்று ஓனர் அறிவித்தார். பெரியவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. நேரம் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

மறுநாள் வகுப்பில் பேட் பிடித்தாள். சின்னவள் குத்தினாள்.

"புதுச் செருப்பு! கடல் பாக்கணும்! வண்டி ஓட்டக் கத்துக்கணும்!"

சின்னவள் முகம் சிவந்தது. மூச்சு இரைத்தது.

"ஜன்னல் மேஜை!"

சொல்லிவிட்டுச் சின்னவளே சிரித்தாள். "அக்கா, எனக்கு அந்த மேஜை வேணும்க்கா! இவ்ளோ நாளா எனக்கே தெரியல பாருங்க!"

நேற்று வந்தவள். தூரிகையை எப்படிப் பிடிப்பது என்று கேட்டவள். பெரியவள் வருடக்கணக்காக நெஞ்சுக்குள் பொத்தி வைத்திருந்ததை, செருப்புக்கும் வண்டிக்கும் அடுத்தபடியாக, வேர்வையோடு துடைத்துப் போடுகிறாள்.  மேஜையைக் கேட்டதுகூடப் பரவாயில்லை. எவ்வளவு லேசாகக் கேட்டுவிட்டாள்.

"நிறுத்தாதீங்க!" தூரத்திலிருந்து கோச் கத்தினாள்.

சின்னவள் வலது கையை முழு பலத்தோடு வீசினாள். குத்து வரும்போது பேட் பிடிப்பவள் கையைச் சற்று முன்னே தள்ளிக் கொடுக்க வேண்டும். பெரியவள் பின்னால் இழுத்தாள்.

கை காற்றில் போனது. சின்னவள் அப்படியே குப்புற விழுந்து மணிக்கட்டை ஊன்றினாள்.

கோச் ஓடிவந்தாள். "என்னாச்சு?"

சின்னவள் பெரியவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "தூரம் சரியாப் பாக்கல. என் தப்புதான்."

எலும்பு முறியவில்லை. சுளுக்கு. கட்டுப் போட்டார்கள். இரண்டு வாரம் அசைக்கக் கூடாது.

ராத்திரிச் சாப்பாட்டில் கொழுந்தன், "என்ன அண்ணி, எங்க வீட்டுப் பயில்வானையே படுக்க வெச்சுட்டீங்களாமே?" என்றான். பெரியவளின் புருஷன், "பாவம்டா, கையில கட்டோட இருக்கு, அந்தப் பிள்ளைக்கு ஸ்பூன் குடு," என்றார். பெரியவளுக்கு முதுகு பிடித்துக்கொண்ட நாட்களில் அவர் ஒரு தம்ளர் தண்ணீர்கூட எடுத்துக் கொடுத்ததில்லை. அந்தக் கட்டின் மேலும் பெரியவளுக்குப் பொறாமை வந்தது.

சின்னவளுக்குத் தலை வாரிவிட்டாள். பின்னலை இறுக்கிப் போட்டாள். 

வேறு யாரும் முன்வராததால் வெள்ளிக்கிழமை மேஜைக்கு முன் உட்கார்ந்தது பெரியவள் மட்டும்.   உலையிலிருந்து எடுத்த பல்லை ஓனர் ஜன்னலுக்கு நேரே பிடித்தார். நிஜப் பல்லின் நுனியில் தெரியுமே, அந்த மெல்லிய நீலம்கூட வந்திருந்தது.

"இத்தனை நாள் எங்கம்மா ஒளிச்சு வெச்சிருந்த இந்தக் கைய?"

எல்லோரும் கை தட்டினார்கள். சின்னவள் கட்டுப் போடாத கையால் மேஜையைத் தட்டினாள். அவளுடைய பல் எப்படி வந்திருக்கும்? ஒருவேளை இதைவிட மோசமாக. ஒருவேளை இல்லை. பெரியவளுக்கு அது இனித் தெரியப்போவதில்லை. வெயில் விழுந்த அந்த மேஜையில் உட்கார்ந்து, பிளாஸ்டர் பக்கம் இடது கையால் குப்பை கூட்டிக்கொண்டிருந்த சின்னவளையே திரும்பத் திரும்பப் பார்த்தாள். அவள் யாரோடோ சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். தோற்றவள் எப்படி அப்படிச் சிரிக்கிறாள்?

அடுத்த வகுப்புக்கும் சின்னவள் வந்தாள். வீட்டில் எல்லோரும் வேண்டாம் என்றார்கள்.

"சும்மா உக்காந்து வேடிக்கை பாரும்மா," என்றாள் கோச். பெரியவளிடம், "மேஜை கெடச்சிருச்சாமே. வாயத் திறந்து ஒரு தடவ கேக்காமலே! வாங்க, இன்னைக்காவது சொல்லுங்க, அடுத்து என்ன வேணும்னு," என்று பேட் எடுக்கப் போனாள்.

"ஒரு கை போதும். நான் பிடிக்கிறேன்," என்று சின்னவள் இடது கையில் பேட்டை மாட்டிக்கொண்டாள். பெரியவளுக்கு நேர் எதிரே வந்து கால்களை அகட்டி நின்றாள். முகத்தில் சிரிப்பு இல்லை. கோபமும் இல்லை.

பெரியவள் கையுறைகளை முகத்துக்கு நேரே தூக்கினாள். தூக்கியபடியே நின்றாள்.

"அடிங்கக்கா. நான் பின்னால இழுக்க மாட்டேன்."