ஆற்றுப் பாடம் இறங்கவில்லை

"போர்ட்டத் தொறக்கணும் அண்ணி" என்று வினோத்குமார் சொன்னபோது, சிவசங்கரிக்குக் கடற்கரையில் இடிந்து கிடக்கும் பழைய துறைமுகப் பாலம்தான் நினைவுக்கு வந்தது. அதைத் திறந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்க வாயெடுத்தாள். கேட்டால் அவன் விளக்குவான், விளக்கினால் அரைமணி நேரம் போகும் என்பதால் சும்மா இருந்துவிட்டாள்.

வினோத்குமார் அவளுடைய கணவரின் தம்பி. சேதராப்பட்டில் ஒரு பிளாஸ்டிக் கம்பெனியில் மெஷின் பழுது பார்க்கிறவன். ஞாயிற்றுக்கிழமை லீவில் லாஸ்பேட்டை வீட்டுக்கு வந்து, மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, கை ஈரம் காய்வதற்குள் அண்ணனுடைய கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டான். நல்ல பிள்ளை, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்பான். தெரியாது என்ற ஒரு சொல் மட்டும் அவன் வாயில் வராது.

திரையில் ஒரு நீளமான பட்டை. முக்கால்வாசி பச்சை, மீதி வெள்ளை. டாரண்ட் வழியாக ஒரு கோப்புத்தொகுதி இறங்கிக்கொண்டிருக்கிறது என்று பேர், ஆனால் வாரக்கணக்கில் அந்தப் பச்சை அதே இடத்தில் முளையடித்து நிற்கிறது. காலையில் கல்லூரிக்குக் கிளம்பும்போதும் பார்ப்பாள், சாயங்காலம் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டுச் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து பார்ப்பாள். வேதியியல் லேப்பில் நாளெல்லாம் நின்றபடி குடுவைகளைக் கழுவி எடுத்து வைக்கிறவளுக்குக் கால் வீங்கியிருக்கும். உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருப்பாள். நகராது. எழுந்துபோய் உலை வைப்பாள்.

அந்தத் தொகுதிக்குள் இருப்பது அவள் கணவர் விஜயராகவனின் குரல். அவர் அரசுப் பள்ளியில் புவியியல் ஆசிரியர். கண் பார்வையில்லாத பிள்ளைகளுக்காகப் பாடங்களையெல்லாம் இந்த அறையில் உட்கார்ந்து வாசித்துப் பதிவுசெய்தார். அவ்வளவு பெரிய தொகுதியை இலவசமாக வைக்க இடம் கிடைக்காததால், வேண்டியவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் எடுத்துக்கொள்ளட்டும் என்று டாரண்ட்டில் விட்டார். அதெல்லாம் பழைய பாடத்திட்டம். புத்தகம் மாறியதும் எடுத்தவர்களும் அழித்துவிட்டார்கள். போன வருஷம் அவரே போய்ச் சேர்ந்தார். ஆஸ்பத்திரிக் களேபரத்தில் அவருடைய போன் எங்கேயோ தொலைந்தது. பின்னாலேயே ஹார்டு டிஸ்க்கும் படுத்துவிட்டது. கடைக்காரர் அதிலிருந்து சுரண்டி எடுத்துக் கொடுத்ததுதான் அந்த முக்கால் பச்சை.

முக்கால் பாடம் இருக்கிறதே, கேட்டுக்கொண்டு இருக்கலாமே என்றால், கேட்டாள்தான். "புவியின் மேலோடு பல தட்டுகளால் ஆனது" என்று அவர் நிறுத்தி நிதானமாக, ஒவ்வோர் எழுத்தையும் தடவிக் கொடுப்பதுபோல வாசிக்கிறார். அழகான குரல். ஆனால் அந்தக் குரலோடு அவள் குடும்பம் நடத்தவில்லை. அவள் குடும்பம் நடத்திய ஆள் "இன்னாடி, காப்பித்தண்ணி வருமா வராதா" என்று கேட்கிறவர். அந்த ஆள் ஒரே ஒரு பாடத்தில்தான் இருக்கிறார். அது ஆறுகளைப் பற்றிய பாடம்.

அன்றைக்கு அவள் மோட்டாரைப் போட்டுவிட்டு எதிர்வீட்டு தனக்கொடியிடம் பேச நின்றுவிட்டாள். உள்ளே இவர் "சங்கராபரணி ஆறு செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி" என்று வாசித்துக்கொண்டிருந்தவர், மொட்டை மாடியிலிருந்து தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டதும், மைக்கை அணைக்காமலேயே, "சங்கரி! ஏ சங்கரி! மோட்டாரப் போட்டுட்டு எங்கடி போன? தண்ணி ரொம்பி ஊத்துது பாரு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கிற மாதிரி கத்தினார். பிறகு கனைத்துக்கொண்டு பாடத்தைத் தொடர்ந்தார். பிறகு அதைப் போட்டுக் காட்டியபோது அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அத வெட்டிடுங்க. கேக்கற புள்ளைங்க சிரிக்காதா? எம்பேரு ஊரெல்லாம் சிரிப்பா சிரிக்கணுமா?"

"சிரிச்சா நல்லதுதான. சங்கராபரணி மறக்காது."

"நான் சொல்றேன், வெட்டிடுங்க."

"சரி, வெட்டிடறேன்."

அவருடைய சரிக்கு உத்தரவாதம் கிடையாது. எல்லாவற்றுக்கும் சரி என்பார், பாதியைச் செய்வார், மீதியை மறப்பார். வெட்டினாரா விட்டாரா என்று அப்போது அவள் கேட்கவில்லை. கேட்கிற அளவுக்கு அது பெரிய விஷயமாகவும் இல்லை. இப்போது அவர் தன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவதை இன்னொருமுறை கேட்க வேண்டுமென்றால், அந்த ஆற்றுப் பாடம் இறங்க வேண்டும். இறங்கினாலும் அந்த இடத்தை அவர் வெட்டாமல் இருந்திருக்க வேண்டும். அந்த மனுஷன் மறந்துபோன மீதியில் இதுவும் ஒன்றாக இருந்திருக்கக் கூடாதா என்று அவளுக்கு ஆற்றாமையாக இருந்தது. இதையெல்லாம் வினோத்திடம் சொல்லவில்லை. அண்ணனுடைய பாடம் முழுசாக வேண்டும் என்று மட்டும் சொல்லியிருந்தாள்.

"ஒரே ஒரு பியர்தான் இருக்குது அண்ணி" என்றான் அவன்.

"பாண்டிச்சேரியில ஒரே ஒரு பீரா? சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க."

அவன் சிரித்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினான். அண்ணன் போனபிறகு அவள் சொன்ன முதல் வேடிக்கைப் பேச்சு அது. அவள் முகத்தில் சிரிப்பு இல்லை.

"பியர்னா நம்மள மாதிரி எடுக்கறவன். அவங்கிட்டயும் முழுசா இல்ல. நம்மகிட்ட இல்லாதது அவங்கிட்ட இருக்குது, அவங்கிட்ட இல்லாதது நம்மகிட்ட இருக்குது. ரெண்டையும் சேத்தா முழுப் பாடம். இங்க பாருங்க, பிரான்ஸ் கொடி."

பட்டியலில் இருந்த ஒரே வரியின் ஓரத்தில் நகக்கண் அளவு நீலம், வெள்ளை, சிவப்பு. இந்த ஊரில் அது அதிசயமில்லை. தெருவில் ஒரு வீடு பூட்டிக் கிடந்தால் அந்த வீட்டுக்காரர் பிரான்ஸில் இருக்கிறார் என்று அர்த்தம். பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா ஒருவரின் மகளோ மருமகளோ, அங்கே குளிரில் உட்கார்ந்துகொண்டு பிள்ளைக்குத் தமிழ் கேட்கச் செய்ய இதை எடுக்கிறாளோ என்னவோ. யாராயிருந்தாலும் அந்த ஆளிடம் ஆற்றுப் பாடம் இருக்கிறது.

வினோத் வேலையில் இறங்கினான். ரவுட்டருக்குள் போய், வெளியாட்கள் நேரே வந்து சேருகிற வழியான அந்தப் போர்ட்டைத் திறந்தான். ஒரே நேரத்தில் எத்தனை பேரிடமிருந்து வாங்கலாம் என்ற இடத்தில் இருந்த எண்ணைப் பத்து மடங்காக்கினான். இருக்கிறதே ஒரு ஆள். வராத கூட்டத்துக்கு நாற்காலி போட்ட மாதிரிதான் அது இருந்தது. கடைசியாக அப்லோடு என்ற, நம்மிடமிருந்து வெளியே போகிற அளவைக் குறிக்கும் இடத்துக்கு வந்தான்.

"நம்ம லைனே நூலு மாதிரி. நாம குடுத்துக்கினே இருந்தா வாங்கறதுக்கு எடம் ஏது? இங்க சைபர் போட்டா அளவே இல்லன்னு அர்த்தம். அதனால ஒண்ணு போட்டுடறேன். குடுக்கறத நிறுத்துனாதான் வாங்கறது வேகமா வரும் அண்ணி. பொழுது சாயறதுக்குள்ள வந்துரும் பாருங்க."

அவன் பைக் தெருமுனை திரும்புகிறவரை பட்டை வேகம் காட்டியது. அப்புறம் படுத்துவிட்டது. முன்பாவது பட்டையில் தெரியாத அளவுக்குச் சொட்டுச் சொட்டாக ஏதாவது வந்தது. இப்போது அதுவும் இல்லை. அந்த வாரம் முழுவதும் அவள் வீட்டுக்கு வருவாள், பார்ப்பாள், உலை வைப்பாள். அவள் வருகிற நேரத்தில் அந்தக் கொடி தென்படும், தூங்கப்போகும் நேரத்தில்கூட இருக்கும். இருந்து என்ன, இரண்டு பேரும் எதிரெதிர் வாசலில் நின்று முறைத்துக்கொண்டிருக்கிற கதைதான்.

வெள்ளிக்கிழமை லேப்பில் ஒரு பெட்டி குடுவையைக் கை தவறிக் கீழே போட்டாள். திட்ட வேண்டியவர்களே துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வந்தார்கள், அதுவே அவளுக்கு அழுகையை வரவழைத்தது. வீட்டுக்கு வந்தவள் பட்டையைப் பார்க்கவே பிடிக்காமல், கையிலிருந்ததில் முதல் கோப்பை ஓடவிட்டுத் தரையில் படுத்துக்கொண்டாள். அது பாடமல்ல, முன்னுரை. "கேட்போர்க்கு வணக்கம்" என்ற பள்ளிக்கூடக் குரலைக் கேட்டதுமே எப்போதும் தள்ளிவிடுவாள். இன்று தள்ள எழுந்திருக்கக்கூட முடியவில்லை.

"பதிவிறக்கி முடித்ததும் மூடிவிடாதீர்கள். பெற்றதைத் திறந்து வையுங்கள். கொடுப்பவருக்கே முதலில் கொடுக்கும்படிதான் இந்த மென்பொருள் அமைந்திருக்கிறது. நீங்கள் கையை மூடிக்கொண்டால், எதிரில் இருப்பவரின் கையும் மூடிக்கொள்ளும்."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். மறுபடி ஓடவிட்டுக் கேட்டாள். பிறகு வினோத்துக்குப் போன் போட்டாள்.

"தம்பி, அந்த ஒண்ண எடுத்துட்டு சைபர் போட்டா என்ன?"

"ஐயோ, வேணாம் அண்ணி! அவனுக்கு இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. நம்மளுதும் போய்ச் சேந்து முழுசா ரொம்பிடுச்சுன்னா, சாத்திக்கினு போய்க்கினே இருப்பான். அப்புறம் ஒரு பியரும் கெடையாது. மிச்சம் ஜென்மத்துக்கும் வராது."

அவன் சொல்வதிலும் நியாயம் இருந்தது. வேலை முடிந்தபிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு காத்திருக்கிறவர்கள் யார்? இவளே காத்திருப்பாளா? சனிக்கிழமை முழுவதும் அந்த ஒன்றை வெறித்துக்கொண்டிருந்தாள். பயமாக இருந்தது. இருக்கிற ஒரு வாய்ப்பையும் தன் கையாலேயே தொலைத்துவிட்டால் பிறகு யாரை நொந்துகொள்வது?

ஞாயிற்றுக்கிழமை மதியம் கொடி வந்தது. அவள் ஒன்றை அழித்தாள். சைபரைப் போட்டாள். போட்டுவிட்டு, "எடுத்துக்கோ" என்று திரையைப் பார்த்துச் சொன்னாள்.

எடுத்துக்கொண்டார்கள். அந்த வரியில் இருந்த எண் அசைந்தது, ஏறியது. கொஞ்ச நேரத்தில் இவள் பட்டையிலும் பச்சை ஊர்ந்தது. அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள். ஆனால் அந்தப் பக்கம் பாக்கி கொஞ்சம்தானே, அங்கே நூறு சதவீதம் ஆனபோது இங்கே இன்னும் ஒரு விரற்கடை வெள்ளை மிச்சம். நூறு என்று காட்டிய வரி சற்று நேரம் நின்றது. பிறகு காணாமல் போனது. பட்டியல் வெறுமையாகக் கிடந்தது.

வினோத் சொன்னது சரியாகிவிட்டது. அவளுக்குக் கோபம் வரவில்லை, அதற்கும் தெம்பு வேண்டும். எங்கேயோ ஒரு வீட்டில் அவர் முழுசாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டாள். அது ஆறுதலா வயிற்றெரிச்சலா என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு வாரத் துணி ஊறிக் கிடந்தது. போய் மோட்டாரைப் போட்டாள், தொட்டி நிறைந்ததும் அணைத்தாள், துவைத்தாள், மாடியில் உலர்த்தினாள். இறங்கி வந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது.

கம்ப்யூட்டரை அணைக்கப் போனவள் அப்படியே நின்றாள். கொடி திரும்பி வந்திருந்தது. அங்கே கரண்ட் போய் வந்ததோ, சாப்பிட எழுந்து போனார்களோ, பெயர் தெரியாத அந்த ஆள் கதவைத் திறந்து போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறார். வெள்ளை இல்லை. பட்டை முழுக்கப் பச்சை.

ஆற்றுப் பாடத்தைத் தேடி எடுத்து ஓடவிட்டாள். "தென்னிந்தியாவின் ஆறுகள்" என்று தொடங்கினார். காவிரி வந்தது, பாலாறு வந்தது, தென்பெண்ணை வந்தது. வெட்டியிருப்பார். நான் சொன்னால் மறுபேச்சு உண்டா, வெட்டித்தான் இருப்பார் என்று மனதைத் திடப்படுத்திக்கொண்டாள். "சங்கராபரணி ஆறு செஞ்சி மலைப்பகுதியில் தோன்றி..."

மோட்டார் ஓடும் சத்தம் கேட்டது. மேலே தண்ணீர் கொட்டியது. ஐயோ என்று அவள் பதறி எழுந்தாள். நாற்காலியைத் தள்ளிவிட்டு, ஈரப் புடவை கால் தடுக்க, சமையலறை வாசலுக்கு ஓடி சுவிட்சில் விரலை வைத்தாள்.

சுவிட்ச் அணைந்துதான் இருந்தது. பின்னால், அறைக்குள், பதிவில் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. வாசிக்கும் குரல் பாதியில் நின்றுபோயிருந்தது, ஒரு நாற்காலி கிறீச்சிட்டது. அவள் விரலை எடுக்காமல், அவர் கூப்பிடுவதற்காக, அங்கேயே நின்றாள்.