வளையல் போட்டவளுக்கு மருந்து இல்லை

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கிற நாளில், தோட்டத்து ஆட்களைக் கூட்டிக் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்திலிருந்து யாரும் நழுவ முடியாது. ஆணும் பெண்ணும் வெறும் வயிற்றோடு வரிசையில் நின்று, டாக்டரய்யா கண்ணெதிரே குடித்து, வாயைத் திறந்து காட்டிவிட்டுத்தான் நகர வேண்டும். பிள்ளைத்தாய்ச்சிகளுக்கு மட்டும் விலக்கு. மருந்து கருவுக்கு ஆகாது என்று அவர்களை ஸ்டோர் சுவரோரம் ஒதுக்கிவிடுவார்கள்.

போன தடவை சண்முகவடிவு அந்தச் சுவரோரத்தில்தான் நின்றாள். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்துக் கிடைத்த இடம். மகாராணிகூட அவ்வளவு நிமிர்ந்து நின்றிருக்க மாட்டாள்.

அவளுக்கு மாதவிலக்கு நின்றுபோயிருந்தது. வயிறு உப்பியது. சோற்றைக் கண்டால் வெறுப்பு, அடுப்புச் சாம்பலைக் கண்டால் ஆசை. மசக்கை என்று முடிவுகட்ட, வரிசைவீட்டு லயத்துக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? பிள்ளை இல்லையென்று கினிகத்தேனைப் பக்கம் வேறொரு பெண்ணைப் பார்த்து வைத்திருந்த அவள் புருஷன் சோலைமலை, அந்தப் பேச்சை அன்றோடு விட்டான்.

அதிலிருந்து அவன் வீட்டில் பேசியதெல்லாம் அவள் வயிற்றோடுதான்.

"என்னாடா பயலே, ஆத்தாள இப்புடி மூச்சு வாங்க வைக்கிற?" என்பான். வடிவு பக்கத்தில் இருப்பதே அவனுக்கு மறந்துவிடும்.

வெறுங்காலோடு ஈரமண்ணில் நடக்கிற எல்லோருக்கும் வரும், வயிற்றில் தங்கி ரத்தம் குடிக்கும் பூச்சி அது என்று டாக்டரய்யா சொல்லுவார். எல்லோருக்கும் என்பது சரிதான். சோலைமலை வயிற்றிலும் அது இருந்தது, அவன் தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டிவிட்டு வந்து பாட்டும் பாடினான். சட்டியில் இருந்த கருவாட்டுத் துண்டு அவனுக்கு, அடியில் மிஞ்சிய குழம்பு அவளுக்கு. மாதாமாதம் போன ரத்தமும் அவளுக்கு மட்டும்தான். பூச்சி ஓரவஞ்சனை செய்யவில்லை, வீடுதான் செய்தது.

ஏழாம் மாதம் வளையல் போட்டார்கள். மணிக்கட்டில் சதையே இல்லாததால் கண்ணாடி வளையல்கள் முழங்கை வரை ஓடின. மருத்துவச்சி அழகம்மா வயிற்றில் கை வைத்தாள். சிரித்துக்கொண்டிருந்தவள் சிரிப்பை நிறுத்தினாள்.

"அக்கா, இன்னும் அசையவே இல்லையே?" என்று வடிவு கேட்டாள்.

"சில புள்ள அமைதியா இருக்கும்டி," என்று சொல்லிவிட்டு அழகம்மா வெற்றிலைத் தட்டைத் தேடிப் போனாள்.

மறுநாள் தண்ணீர் பிடிக்கிற பீலியில் பேச்சியம்மா நின்றிருந்தாள். பக்கத்துக் காம்பராவில் இருக்கும் விதவை. அதனால் வளையல் சடங்குக்கு வரவில்லை. போன மழையில் அவளும் வெளிறிப்போய் மேட்டில் உட்கார்ந்து உட்கார்ந்துதான் ஏறினாள். இப்போது நிறைகுடத்தோடு மூச்சிரைக்காமல் நின்று வடிவின் நகங்களைப் பார்த்தாள்.

"எனக்கும் இப்புடித்தான் வெளுத்துச்சு புள்ள. வயிறு உப்பி, தூரமும் நின்னு போச்சு. சாம்பலாத் தின்னேன். தாலியறுத்தவ, வெளிய சொன்னா என்ன பேசுவாங்க? வாயப் பொத்திக்கிட்டு வரிசையில நின்னு மருந்தக் குடிச்சேன். கொஞ்சம் கொஞ்சமா ரத்தம் ஊறுச்சு. அப்பறம் தூரமும் திரும்ப வந்துருச்சு."

வடிவின் குடம் நிறைந்து வழிந்தது. பேச்சியம்மாதான் அதை எடுத்து வைத்தாள்.

அன்று சாயங்காலம் சோலைமலை உத்தரத்தில் தொட்டில் கயிறு கட்டினான். பலம் பார்க்க அவனே அதைப் பிடித்துத் தொங்கினான்.

"பாத்தியா, பயலோட நீயும் ஏறிப் படுக்கலாம்," என்றான். பல மாதத்துக்குப் பிறகு அவளிடம் பேசிய பேச்சு அது. மறுநாள் பூச்சி மருந்து. குடித்தால் பிழைக்கலாம், ஆனால் இந்தக் கயிறும் இந்தச் சிரிப்பும் இருக்காது. குடிக்காவிட்டால் இன்னும் கொஞ்ச நாள் சுவரோரம் நிமிர்ந்து நிற்கலாம். யாரிடம் கேட்பது? ஒரு லயம் நிறைய ஆட்கள் இருந்தும் அவளுக்குக் கேட்க ஆளில்லை.

காலையில் சுவரோரப் பெண்கள் அவளுக்கு இடம் விட்டு நகர்ந்தார்கள். வடிவு அவர்களைக் கடந்து வரிசையின் கடைசியில் போய் நின்றாள்.

"ஏ வடிவு, அங்க என்னா வேல ஒனக்கு?" என்று கங்காணி கத்தினார்.

"பயலுக்குப் பசிக்குதாம்!" என்று ஆண்கள் பக்கத்தில் மருந்து குடித்துவிட்டு நின்ற சோலைமலை சிரித்தான்.

டாக்டரய்யா வளையல்களைப் பார்த்தார். "வளையல் போட்ட பொம்பளைக்கு மருந்து இல்லம்மா. ஒதுங்கிக்க."

"வயித்துல புள்ள இல்லைங்க," என்றாள் வடிவு.

டாக்டரய்யா அவள் கண் இமையை இழுத்துப் பார்த்தார். வயிற்றை அழுத்திப் பார்த்தார். பிறகு மருந்தை ஊற்றிக் கொடுத்தார். தொண்டையை எரித்த மருந்தை விழுங்கிவிட்டு, எல்லோரையும் போல அவளும் வாயைத் திறந்து காட்டினாள்.

திரும்பியபோது சோலைமலை நின்ற இடத்தில் அவன் இல்லை.

சுவரைப் பிடித்துப் பிடித்து லயத்துக்கு நடந்தாள். காம்பராக் கதவு திறந்து கிடந்தது. அவனுடைய கம்பளி இல்லை. உத்தரத்தில் தொட்டில் கயிறும் இல்லை, அவிழ்த்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். அது கினிகத்தேனையில் எந்த வீட்டு உத்தரத்துக்கு என்று அவளுக்குத் தெரியும்.

வடிவு அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். பிழைத்துவிடுவோம் என்று தெரிந்தேதான் அழுதாள்.